உண்ணிச்செடியும் கூரை எலியும்: கேள்வி பதில்

கூடலூர் வாசகர்: ஐயா, உண்ணிச்செடியையும் எலியையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறார்களாமே. பூச்செடிக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அந்நிய மண்ணில் புகுந்து பெருங்கேடு செய்யும் 100 உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியல் அது. இரண்டும் அதில் இருக்கின்றன. எனக்குச் சுவையாகப் படுவது அவை போன திசைதான். உண்ணிச்செடி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது; ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்து அழகுக்காகக் கல்கத்தா வந்தது. கூரை எலியோ இந்தத் துணைக்கண்டத்துப் பிள்ளை. கப்பலேறி ரோமானியர் காலத்திலேயே ஐரோப்பாவை எட்டிவிட்டது. ஒன்று நாம் வாங்கிக்கொண்டது, மற்றது நாம் கொடுத்தது.

கம்பம் வாசகர்: பெருச்சாளியைத்தானே சொல்கிறீர்கள்?

பதில்: இல்லை. இது மெலிந்த உடம்பு, உடலைவிட நீண்ட வால், நன்றாக மரமேறும்.

கொடைக்கானல் வாசகர்: இரண்டில் எது பொல்லாதது?

பதில்: தீவென்றால் எலி. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள லார்டு ஹோவ் தீவில் 1918இல் மகாம்போ என்ற கப்பல் தரைதட்டியது. அதிலிருந்து இறங்கிய எலிகள் கூடுகளைச் சூறையாடின. அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த 5 வகைப் பறவைகள் அற்றுப்போயின. எலிகளைத் துடைத்தழிக்கும் பெருவேலை 2019இல்தான் நடந்தது.

முதுமலை போன்ற நம் காடுகளில் எலியைவிடச் செடியைக் கண்டே நான் அஞ்சுகிறேன். புதராக அடைத்துக்கொண்டு புல்லுக்கு வெளிச்சம் விடாது. மானும் காட்டெருமையும் மேய்ச்சலை இழக்கின்றன. பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவியே விதையை ஊரெல்லாம் தூவிவிடுகிறது. எலி திருட்டுத்தனமாகத் தின்கிறது. இது விருந்து வைத்து ஆள் சேர்க்கிறது!

அதே வாசகர்: மாடு தின்றால்?

பதில்: ஈரல் கெடும், வெயில் பட்ட தோல் வெந்து உரியும். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கோத்தகிரி வாசகர்: வெட்டினேன், எரித்தேன். மறுபடி துளிர்க்கிறது.

பதில்: துளிர்க்கத்தான் செய்யும். தண்டை வெட்டுவதால் பயனில்லை. மண்ணுக்குச் சற்றுக் கீழே வேர்க்கட்டையில் வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். பூக்கும் முன் செய்வது நல்லது. ஒரே ஆண்டில் முடியாது. மண்ணில் கிடக்கும் விதை முளைத்துக்கொண்டே இருக்கும், நாற்றாக இருக்கும்போதே பிடுங்குங்கள். காலியான இடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைக்காவிட்டால் அதுவே திரும்ப வந்து உட்காரும். வெட்டிய தண்டை எரிக்க வேண்டாம். உங்கள் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பழங்குடிக் கைவினைஞர்கள் அதை வளைத்து முழு அளவு யானைகளாகவே செய்கிறார்கள்; 2021இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன.