யோசனை எப்போது வருத்தமாகிறது?

கேள்வி: எனக்கு வயது 47. கோப்பாய்ப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். மகள் கொழும்பில் வேலை, மகன் உயர்தரம் படிக்கிறான். எட்டு ஒன்பது மாதமாக மனம் ஓயாமல் அந்தரப்படுகிறது. மகன் ரியூஷன் முடிந்து வரப் பத்து நிமிடம் பிந்தினால் விபத்து என்றே நினைக்கிறேன், மூன்று நான்கு தரம் போன் எடுக்கிறேன். அவன் வந்த பிறகும் ஆறுவதில்லை, அடுத்த யோசனை வந்துவிடும். கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. விடிய 3 மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. வகுப்பில் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். நெஞ்சிடிக்கு ஈ.சி.ஜி. எடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். மச்சாள் தனக்குத் தந்த நித்திரைக் குளிசையில் கொஞ்சம் தந்தார். இரண்டு மாதமாக இரவில் பாதி போடுகிறேன். "ஆருக்குத்தான் யோசனை இல்லை?" என்கிறார் கணவர். எனக்கு இருப்பது வருத்தமா, அதாவது நோயா? மனநலப் பிரிவுக்குப் போவதைப் பார்த்து ஊர் என்ன கதைக்குமோ என்றும் பயம். மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம் இது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. யோசனை இல்லாத வீடு இல்லை. பிள்ளைக்குச் சோதனை வருகிறது, கடன் கட்ட வேண்டிய திகதி நெருங்குகிறது, அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை என்றால் நித்திரை குழம்பத்தான் செய்யும். இதை நாங்கள் நெருக்கீடு என்கிறோம். சோதனை முடிந்தால், கடன் தீர்ந்தால், இரண்டு மூன்று நாளில் உடம்பு இளகிவிடும். அதற்கு மருந்து வேண்டியதில்லை.

அவர் கவனிக்காமல் விட்ட மற்றப் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "அவன் வந்த பிறகும் ஆறுவதில்லை." என் கண் அந்த வரியில்தான் நின்றது. காரணம் போன பிறகும் யோசனை போகவில்லை. வேலியில் இருந்த காகம் பறந்த கையோடு இன்னொன்று வந்து குந்துவதுபோல, மகன் வந்து சேர்ந்ததும் மகளின் பயணம், அதன் பிறகு காசு, அதன் பிறகு உங்கள் நெஞ்சு. யோசிக்கும் விடயங்கள் ஒன்றும் புதினமானவை இல்லை, எல்லாத் தாய்மாரும் யோசிப்பவைதான். "காணும், இனி நிற்பாட்டு" என்று சொன்னால் மனம் கேட்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பயமும் பதற்றமும் அளவுமீறி நிற்கும் வருத்தங்களைப் பதகளிப்புக் கோளாறுகள் என்கிறோம், அவற்றில் பல வகை உண்டு. உங்கள் கடிதத்தோடு ஒத்துப்போவது பொதுமைப்பட்ட பதகளிப்புக் கோளாறு. ஆறு மாதத்துக்குக் குறையாமல், பெரும்பாலான நாட்களில், பல விடயங்களைப் பற்றி அடக்க முடியாத யோசனை இருக்க வேண்டும். அதோடு அமைதியின்மை, களைப்பு, கவனம் நிற்காமை, எரிச்சல், தசை இறுக்கம், நித்திரைக் குழப்பம் என்ற ஆறில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். இவற்றால் வேலையோ வீடோ பாதிக்கப்படவும் வேண்டும். நீங்களே எழுதியவற்றை இதோடு வைத்துப் பாருங்கள். கடிதத்தை வைத்து நான் வருத்தத்தின் பெயரை முடிவுசெய்யக் கூடாது, நேரில் பார்ப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் "இது சும்மா யோசனை" என்று உங்களைத் திருப்பி அனுப்ப என்னால் முடியாது.

கிளினிக்கில் பதகளிப்பை அளக்க ஜி.ஏ.டி.-7 என்றொரு தாள் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 21. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். அது ஒரு வடிகட்டிதான், தீர்ப்பு இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. உங்கள் வயதுக்கு, 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை. அந்தக் காலத்தில் சத்தம் கேட்டவுடன் பங்கருக்குள் ஓடியவர்தான் தப்பினார். பிந்தி வந்தவரைப் பற்றிப் பயந்ததும் நியாயம்தான், சிலர் வரவே இல்லை. அப்படி வளர்ந்த உடம்பு போன் சத்தத்துக்கும் துள்ளுவதில் எனக்கு வியப்பில்லை. இன்றைய யோசனைக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்கள் கனவில் திரும்பத் திரும்ப வருகின்றனவா, கண்முன்னே மறுபடி நடப்பதுபோல் தோன்றுகிறதா, சில இடங்களுக்குப் போகாமல் தவிர்க்கிறீர்களா? ஆம் என்றால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது வேறொரு வருத்தமாக இருக்கலாம், சிகிச்சையும் கொஞ்சம் மாறும்.

நெஞ்சிடியைப் பற்றி. என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் இதயத்துக்கு வைத்தியம் பார்க்கத்தான் வருகிறார்கள். ஈ.சி.ஜி. சரி என்றால் "பொய்யாக நடிக்கிறாய்" என்று அர்த்தமில்லை. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் உண்மையாகவே வேகமாக அடிக்கிறது. மூச்சும் வேகமாகும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. அதனால்தான் விரல் விறைப்பும் தலைச்சுற்றும். அதைக் கண்டு இன்னும் பயப்பட, மூச்சு இன்னும் வேகமாகும். அந்த நேரம் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சுவிடச் சொல்வார்கள், அது வேண்டாம். மூச்சை மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். சில நிமிடங்களில் வித்தியாசம் தெரியும்.

எந்த இரத்தப் பரிசோதனையும் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. தைரொயிட், ஹீமோகுளோபின், சீனி மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைரொயிட் கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். 47 வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் நித்திரையைக் குழப்பும், அதையும் கேளுங்கள். தேத்தண்ணி எத்தனை தரம் குடிக்கிறீர்கள்? மத்தியானத்துக்குப் பிறகு சாயம் கூடிய தேத்தண்ணியை விட்டுப் பாருங்கள்.

இப்போது அந்தப் பாதிக் குளிசை. எனக்கு உங்கள் கடிதத்தில் கூடுதலாக உறுத்தியது இதுதான். அது டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலாம் இனமாக இருக்கலாம். அவை உடனே பலன் தரும், அதனால்தான் ஆபத்து. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை, ஏனென்றால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நீங்கள் இரண்டு மாதம் போட்டுவிட்டீர்கள். ஆகவே தயவுசெய்து நாளைக்கே நிற்பாட்டாதீர்கள். திடீரென விட்டால் பதகளிப்பு இரட்டிப்பாகலாம், சிலருக்கு வலிப்பும் வரும். கூட்டவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டினால் படிப்படியாகக் குறைத்துவிடுவார். மச்சாள் நல்ல மனதோடுதான் தந்திருப்பார், ஆனாலும் இனி வாங்காதீர்கள்.

இந்த வருத்தத்துக்கு முறையான சிகிச்சை இரண்டு வழியில் இருக்கிறது. ஒன்று அறிகை நடத்தைச் சிகிச்சை, யோசிக்கும் விதத்தையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பயிற்சி பெற்ற ஒருவரோடு வாரத்துக்கு ஒருமுறையாகச் சில மாதம் கதைத்தும் பழகியும் செய்வது. மற்றது செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மருந்துகள். இவை நித்திரைக் குளிசை அல்ல. பலன் தெரிய இரண்டு வாரம், முழுதாகத் தெரிய நான்கு ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் கொஞ்சம் கூடுதலான படபடப்பும் வரலாம். பலர் அந்த வாரத்திலேயே பயந்து விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும். இவற்றையும் சட்டென்று நிற்பாட்டக் கூடாது.

நீங்கள் இன்றைக்கே தொடங்கக்கூடியது மகனின் போன். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஐந்து நிமிடம் ஆறுதல் தருகிறது. ஆனால் "போன் எடுத்ததால்தான் அவன் தப்பினான்" என்று மனம் கற்றுக்கொள்கிறது, அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் கேட்கிறது. மகனோடு கதைத்து ஓர் ஒப்பந்தம் வையுங்கள்: வகுப்பு முடிந்து புறப்படும்போது அவன் ஒரேயொரு மெசேஜ் போடுவான், நீங்கள் அவனுக்குப் போன் எடுக்க மாட்டீர்கள். முதல் சில நாள் நெஞ்சு கொதிக்கும். எடுக்காமல் இருந்துபாருங்கள், அந்தக் கொதிப்பு ஏறி, தானே இறங்குவதைக் காண்பீர்கள். யோசனைகளுக்கும் பின்னேரம் 5 மணிக்கு இருபது நிமிடம் ஒதுக்கி, ஒரு கொப்பியில் எழுதுங்கள். விடிய 3 மணிக்கு வருவதை "5 மணிக்குப் பார்ப்பம்" என்று தள்ளிவையுங்கள்.

ஊர்க்கதைக்கு உங்களை நான் குறைசொல்ல மாட்டேன். கலியாணம் பேசும்போது "தாய்க்கு மனநலக் கிளினிக்காம்" என்று ஒரு வாய் போதும், எங்கள் சனம் எனக்கும் தெரியும். ஆனால் பதகளிப்பு பைத்தியமல்ல, உங்கள் புத்தியில் ஒரு பிழையும் இல்லை. முதலில் வழக்கமாகப் போகும் குடும்ப மருத்துவரிடமே சொல்லலாம், தொடக்கச் சிகிச்சையை அவரே தர முடியும். கூடுதல் உதவி வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, இலவசம். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதியின்றி வெளியே சொல்ல மருத்துவருக்கு உரிமை இல்லை. கணவரையும் ஒருநாள் கூட்டிப் போங்கள், அவர் வாயை அடைக்க அல்ல, அவருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் இரண்டு. நடக்கும்போது நெஞ்சு அழுத்தி வலி கைக்கோ தாடைக்கோ போய் வியர்த்தால், முன்னைய ஈ.சி.ஜி.யை நம்பி இருக்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவோ பகலோ எடுக்கலாம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் கேட்கிறேன்.

மருத்துவரிடம் போகும்போது ஈ.சி.ஜி. துண்டையும் மச்சாளின் குளிசை மட்டையையும் கையோடு கொண்டு போங்கள். என்ன சொல்வது என்று தடுமாறினால், எனக்கு எழுதிய இதே கடிதத்தை நீட்டினாலே போதும்.