மிச்சமும் வைக்கோலும் தீவனமாகும்போது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: யூரியா கலந்து பதப்படுத்திய வைக்கோல் மாட்டுக்கு நஞ்சாகிவிடாதா?

பதில்: முறையாகச் செய்தால் ஆகாது, அவசரப்பட்டால் ஆகும். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை ஏறத்தாழ 50 லிட்டர் நீரில் ஒரு குருணைகூட மிஞ்சாமல் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி தார்ப்பாயால் மூடி 21 நாள்கள் விட்டுவைக்க வேண்டும். அதற்குள் யூரியா அம்மோனியாவாகச் சிதைந்து, நார்ப்பொருளை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. 3, 4 விழுக்காடாக இருந்த கச்சாப் புரதமும் ஏறக்குறைய இரு மடங்காகிறது. பிரித்தவுடன் கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் பதம் சரி என்று பொருள். ஆனால் வைக்கோலை உதறிப் பரப்பி, அந்த நெடி அடங்கிய பிறகே தொட்டியில் இட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கும், அசைபோடாத விலங்குகளுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. நான் மிகவும் அஞ்சுவது கரைசல் மிஞ்சிய வாளியைத்தான்: தாகத்தோடு வரும் மாடு அதைக் குடித்துவிட்டால் காப்பாற்றுவது கடினம்.

கேள்வி: உணவகக் கழிவைப் பன்றிகளுக்கு அப்படியே கொடுக்கலாமா?

பதில்: கூடாது. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய்க்கு, வடகிழக்கு இங்கிலாந்தின் ஒரு பன்றிப் பண்ணையில் வேகவைக்காமல் கொடுத்த உணவுக் கழிவே தொடக்கமாக இருந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. அந்த நோயை ஒழிக்க அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வைரஸும் பதப்படுத்திய இறைச்சியில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதையே தடைசெய்தது. ஜப்பானோ, 2001இல் நடைமுறைக்கு வந்த உணவு மறுசுழற்சிச் சட்டத்தின் துணையோடு, கழிவைத் தரம் பிரித்து வெப்பமூட்டித் தீவனமாக்கும் வழியைத் தேர்ந்தது. இரண்டாவது வழியே அறிவுடையது என்பது என் கருத்து; ஆனால் வெப்பநிலையை அளந்து பதிவுசெய்யும் கருவியும் ஒழுங்கும் இல்லாத இடத்தில் தடையே பாதுகாப்பு. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழச்சாறு ஆலையின் ஈரச் சக்கை தவிட்டைவிட மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: நீருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். சக்கையில் 80 விழுக்காடு நீர் என்றால் 100 கிலோவில் உலர்பொருள் 20 கிலோதான். தவிட்டிலோ ஏறத்தாழ 90 கிலோ. ஆகவே, சத்தின் தரம் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும், சக்கையின் விலை வண்டிக் கூலியோடு சேர்ந்து தவிட்டு விலையில் ஏறத்தாழ 22 விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால்தான் லாபம்.

வாங்கினால் ஓரிரு நாளில் புளித்துக் கெடும் முன்பே, நறுக்கிய வைக்கோலுடன் கலந்து, காற்றை வெளியேற்றி மிதித்து, ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) போல மூடிவைக்க வேண்டும். கலவையில் ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள்: விரலிடுக்கில் நீர் சொட்டினால் வைக்கோல் போதாது, கையைத் திறந்ததும் உருண்டை உடனே உதிர்ந்தால் வைக்கோல் மிகுதி, மெல்ல விரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் பதம் சரி. புளிப்பு ஏறிக் கார அமிலக் குறியீடு (pH) 4.2 அளவுக்கு இறங்கினால் அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கேள்வி: பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்த பகுதியை மட்டும் வெட்டி எறிந்தால் போதுமா?

பதில்: போதாது. நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டபோது, அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சையே கண்டறிந்தார்கள். கறவை மாடு அதைத் தின்றால் ஒரு பகுதி உருமாறிப் பாலிலும் வரும், காய்ச்சினாலும் போகாது.

கேள்வி: சூபாபுல் தழை தின்ற ஆடுகளுக்கு முடி கொட்டுகிறது. ஏன்?

பதில்: அதிலுள்ள மிமோசின் காரணம். தழையை மொத்த உலர்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வைத்து, படிப்படியாகப் பழக்குங்கள். ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இந்த நஞ்சின் சிதைபொருளைச் செரிக்கும் பாக்டீரியா கண்டறியப்பட்டது. அது உள்ள மந்தைகளுக்குத் தொல்லையில்லை.

கேள்வி: கழிவில் கருப்புப் படைவீரர் ஈயின் புழுக்களை வளர்த்துக் கோழிகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: உலர்ந்த புழுவில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிப் புரதத்தை 2017இல் மீன்களுக்கும், 2021இல் கோழி, பன்றிகளுக்கும் அனுமதித்தது. ஆனால் அங்கே அந்தப் புழுக்களையும் பண்ணை விலங்குகளாகவே சட்டம் கணக்கிடுவதால், பன்றிக்கு விலக்கிய சமையலறைக் கழிவு புழுவுக்கும் விலக்கப்பட்டதே. காட்மியம் போன்ற உலோகங்கள் புழுவின் உடலில் சேரும் என்பதால், தொழிற்சாலைக் கழிவு கலந்த குப்பையை எந்த நாட்டிலும் அவற்றுக்கு இட வேண்டாம்.