காயம்பட்ட காட்டு வாத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மழைக்காலம் முடிந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மாதங்களில் காட்டு வாத்துகள் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எங்கள் கால்நடை மருத்துவக் குழு இங்கே பதில் தருகிறது.

ஏரிக்கரையில் நாய் கவ்விய சிரவி (சீழ்க்கையடிக்கும் சின்னக் காட்டு வாத்து) ஒன்றை என் மகன் மீட்டு வந்தான். இரவு எட்டு மணி. முதுகில் ரத்தம் கசிகிறது. மஞ்சள் வைக்கலாமா? காலையில் டாக்டரிடம் போகும்வரை என்ன செய்வது?
— வாசகி, மதுராந்தகம்

மஞ்சள் வேண்டாம். காப்பித்தூள், தேங்காய் எண்ணெய், களிம்பு எதுவுமே வேண்டாம். பொடி புண்ணுக்குள் அடைத்துக்கொண்டு மருத்துவரின் பார்வையை மறைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு இறகில் பட்டால் கேடு இன்னும் பெரிது. இறகு தண்ணீரைத் தள்ளும் தன்மையை இழந்துவிடும், புண் ஆறிய பிறகும் அந்தப் பறவையால் குளத்தில் மிதக்க முடியாது.

முதலில் பிடிக்கும் முறை. பழைய பருத்தித் துண்டு ஒன்றைத் தலையோடு சேர்த்து மேலே போட்டு, இரு சிறகுகளும் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் அணைத்துத் தூக்குங்கள். கழுத்தைப் பிடித்தோ சிறகைப் பிடித்தோ தூக்கவே கூடாது. மார்பை இறுக்கவும் கூடாது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்றுவிட்டு, "பயத்தில் செத்துவிட்டது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

ரத்தம் நிற்கச் சுத்தமான பஞ்சுத் துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி கசியும். நின்றதும், கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் 4.5 கிராம் உப்பு (தலைதட்டிய சின்ன டீ ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு) கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, புண்ணில் மட்டும் மெதுவாகப் பீய்ச்சுங்கள். உடல் முழுக்க நனைய விடாதீர்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் வெளிறிய டீ நிறத்துக்கு நீர்த்துத் தொட்டு வைக்கலாம். அரிசிக் குருணை போல வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஈ முட்டை ஒட்டியிருந்தால் இடுக்கியால் அன்றிரவே எடுத்துவிடுங்கள். நம்மூர் வெக்கையில் ஒரே நாளில் அவை புழுவாகிவிடும்.

பிறகு பெட்டி. சிரவிக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள அட்டைப்பெட்டி போதும். பக்கங்களில் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போடுங்கள். அடியில் நூல் பிரியாத துணியை நான்காக மடித்து விரியுங்கள். வைக்கோல் போடாதீர்கள். ஈரம் பட்ட வைக்கோலில் பூஞ்சை பிடிக்கும், அதன் தூள் நுரையீரலில் போய்த் தங்கும். நீர்ப்பறவைகளை அடைத்து வைத்த சில நாட்களில் கொல்லும் நோய்களில் இது முக்கியமானது. வெறும் தரையிலோ செய்தித்தாளிலோ விட்டால் ஜவ்வுப் பாதத்திலும் மார்பெலும்பின் மேலும் புண் விழும்.

அதிர்ச்சியில் இருக்கும் பறவைக்கு மருந்தைவிட வெதுவெதுப்பும் இருட்டும் முக்கியம். பெட்டிக்குள் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. மார்கழிக் குளிரில் ஒரு லிட்டர் பாட்டிலில் சூடான நீர் நிரப்பித் துணி சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் பறவை மறுபக்கம் நகர இடம் வேண்டும். சித்திரை வெயில் என்றால் பாட்டிலே வேண்டாம். அலகைத் திறந்து இரைத்தால் வெப்பம் கூடிவிட்டது என்று பொருள். பெட்டியை மூடி, டிவி சத்தமும் குழந்தைகளும் இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பதும் தடவிக் கொடுப்பதும் நமக்குத்தான் ஆறுதல். அதற்கு ஒவ்வொரு முறையும் வேட்டை விலங்கு வந்து நிற்பதாகவே படும்.

நாய், பூனை கடித்ததென்றால் மேலே சின்ன ஓட்டையாகத் தெரிந்தாலும் உள்ளே சதை கிழிந்திருக்கும், பல்லில் இருந்த கிருமியும் ஆழத்தில் போயிருக்கும். 24 மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தொடங்க வேண்டும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல முடியும். காயத்தைச் சுற்றித் தொட்டால் தோலுக்கடியில் சரசரவென்று காற்றுக்குமிழி நகர்ந்தால் காற்றுப்பை கிழிந்திருக்கிறது. அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை அழித்தது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான். அதனால்தான் 2006-ல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.

மயக்கமாக இருந்ததால் அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினேன். சிறிது நேரத்தில் இறந்துவிட்டது. என்ன தவறு?
— வாசகர், விருதுநகர்

வாத்தின் மூச்சுக்குழாய் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. விழுங்கும் தெம்பில்லாத பறவைக்கு மேலிருந்து ஊற்றினால் தண்ணீர் நேரே அதற்குள்தான் இறங்கும். தலையைத் தானாக நிமிர்த்திப் பிடிக்க முடியாத பறவைக்கு வாய்வழியாக ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது. அதற்குத் தேவையான நீரை மருத்துவர் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றுவார். நீங்கள் செய்தது இரக்கத்தால்தான். இந்த ஒரு விஷயம் பலருக்கும் தெரியாததால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

மின்கம்பியில் மோதிய புள்ளிமூக்கு வாத்தின் இடது சிறகு தொங்குகிறது. ஐஸ் குச்சி வைத்துக் கட்டலாமா?
— வாசகர், ஈரோடு

குச்சி வேண்டாம். பறவையின் எலும்பு மெல்லிய சுவருள்ள குழல். கட்டைக்கும் எலும்புக்கும் நடுவில் தோல் நசுங்கி அழுகிவிடும். சிறகை அதன் இயல்பான மடிப்பிலேயே மடித்து, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியால் எட்டு வடிவில் சுற்றுவதுதான் முறை. முழங்கைப் பக்கத்து வளைவில் தொடங்கி, மடித்த சிறகின் மேல் கொண்டுபோய், மணிக்கட்டு வளைவைச் சுற்றித் திரும்ப வேண்டும். 5 செ.மீ. அகலமுள்ள துணி இந்த வாத்துக்குச் சரி. ஒட்டுப் பிளாஸ்திரியை இறகின் மேல் நேராக ஒட்டினால் பிரிக்கும்போது இறகு வேரோடு வந்துவிடும்.

முழங்கைக்குக் கீழே உடைந்திருந்தால் சிறகைச் சுற்றும் கட்டு மட்டும் போதும். தோளை ஒட்டிய எலும்பு என்றால் உடலையும் சேர்த்து ஒரு சுற்று வர வேண்டும். அப்போது கட்டுக்கும் மார்புக்கும் நடுவில் உங்கள் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். கட்டியதும் பெட்டியில் விட்டுக் கால் மணி நேரம் மூச்சைக் கவனியுங்கள்.

இது எக்ஸ்ரே எடுக்கும்வரை தாங்கும் கட்டு, அவ்வளவுதான். பறவைகளுக்கு எலும்பு இரண்டு மூன்று வாரத்தில் கூடிவிடும். அந்த வேகமே இங்கே ஆபத்து. கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும், பிறகு திருத்த வழியில்லை. பல நாள் பிரிக்காமல் விட்டால் சிறகின் முன்விளிம்புத் தோல் சுருங்கி, எலும்பு நேராகக் கூடினாலும் சிறகு விரியாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் உப்புநீரில் நனைத்த துணியால் மூடி அன்றே கொண்டுபோங்கள். காய்ந்த எலும்பு பிழைக்காது. உங்கள் மாவட்டக் கால்நடைப் பன்முக மருத்துவமனையில் எக்ஸ்ரே வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பாலில் ஊறிய ரொட்டி கொடுத்தோம். பச்சையாகக் கழிகிறது. என்ன தீனி போடுவது?
— வாசகி, தஞ்சாவூர்

பாலை ஜீரணிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. ரொட்டி வயிற்றை நிரப்புமே தவிர சத்து தராது. இரவெல்லாம் ஊறவைத்த நெல் அல்லது கோதுமை ஒரு கைப்பிடி, பொடியாக நறுக்கிய கீரை, கிடைத்தால் அசோலா (நீரில் மிதக்கும் சிறு தாவரம்), மண்புழு, சின்ன நத்தை ஆகியவை போதும். முதல் அரை நாள் தண்ணீர் மட்டும் வைத்து, தெளிந்த பிறகு தீனி வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரம் மூக்குத்துளை முங்கும் ஆழத்துக்கு இருக்க வேண்டும், கவிழாத கனமும் வேண்டும். வாத்து மூக்கையும் கண்ணையும் நீரில் முக்கித்தான் கழுவிக்கொள்ளும். தீனியைத் தண்ணீரிலேயே மிதக்கவிட்டால் பழகிய முறை என்பதால் சீக்கிரம் தொடும்.

பளிச்சென்ற பச்சைக் கழிச்சல் பெரும்பாலும் பட்டினிக் கழிச்சல். உணவு இல்லாமல் பித்தம் மட்டும் வெளியேறுகிறது. நன்றாகத் தின்ற பிறகும் பச்சையாகவே கழிந்து, இரு சிறகும் கூரை போலச் சரிந்திருந்தால் ஈய நஞ்சாக இருக்கலாம். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைப் பருக்கைக் கல் என்று நினைத்து வாத்துகள் விழுங்குவதுண்டு. ரத்தப் பரிசோதனையில் தெரியும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். முதல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காதீர்கள்.

ஐந்து நாள் வைத்திருந்து குளத்தில் விட்டோம். மிதக்காமல் நனைந்து தடுமாறிக் கரையேறிவிட்டது. காட்டு வாத்துக்கு நீச்சல் மறந்துபோகுமா?
— வாசகர், காஞ்சிபுரம்

நீச்சல் மறக்கவில்லை, இறகு கெட்டிருக்கிறது. இறகின் நுண்கொக்கிகள் ஒன்றோடொன்று பின்னி நிற்பதால்தான் நீர் உள்ளே புகுவதில்லை. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் பூசிக் கோதி வாத்து அந்தப் பின்னலைப் பராமரிக்கிறது. பெட்டியில் எச்சமும் தீனியும் ஒட்டியதும், கோத இடமில்லாததும், நம் கை எண்ணெயும் சேர்ந்து அதைக் குலைத்துவிட்டன. நனைந்த வாத்து மணிக்கணக்கில் நீரில் நின்றால் உடல் சூடு இறங்கிச் செத்துப்போகும்.

புண் மூடியதும், வெயில் ஏறிய பிறகு, அகலமான பிளாஸ்டிக் டப்பில் 15 செ.மீ. ஆழத்துக்குச் சுத்தமான நீர் விட்டு, ஏறி இறங்கச் செங்கல் வைத்து, முதல் நாள் பத்து நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். எடுத்து நிழலில் உலரவிட்டால் அதுவே கோதத் தொடங்கும். தினமும் நேரத்தைக் கூட்டுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும், அரை மணி நேரம் மிதந்த பிறகும் அடிவயிற்றுத் தூவி உலர்ந்திருக்க வேண்டும். சோப்பு, ஷாம்பு எதுவும் போடாதீர்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயில் நான்கைந்து வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல் கிடக்கின்றன. காயம் எதுவும் இல்லை.
— வாசகர், சிவகங்கை

கையில் எடுக்காதீர்கள். வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள். தண்ணீர் வற்றி வெப்பம் ஏறும்போது சேற்றிலும் செத்த உயிர்களிலும் பெருகும் பாக்டீரியாவின் நஞ்சு இப்படிக் கழுத்தையும் காலையும் முடக்கும். செத்த பறவையில் நெளியும் புழுவைத் தின்ற வாத்தும் விழும், அது செத்தால் அடுத்ததும் விழும். வயலில் தெளித்த பூச்சிமருந்தாலும் இப்படி ஆகலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கேரளத்தின் ஆலப்புழையில் 2014-ல் வளர்ப்பு வாத்துகள் கூட்டம் கூட்டமாக மாண்டது பறவைக் காய்ச்சலால்தான். பார்த்து வேறுபடுத்த முடியாது. கால்நடை மருந்தகத்துக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் உடனே சொல்லுங்கள். கோழிகளையும் நாய்களையும் அந்தக் கரைக்கு விடாதீர்கள். செத்தவற்றை அவர்கள் வந்து அகற்றும்வரை தொடக் கூடாது.

ஒற்றைப் பறவையை வீட்டில் வைத்தாலும் கையுறை, முகக்கவசம், தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கைகழுவுதல் மூன்றும் அவசியம். வீட்டுக் கோழிக்கூட்டின் அருகில் பெட்டியை வைக்கக் கூடாது.

மழை பெய்த இரவில் தார்ச்சாலையில் சின்ன வாத்து ஒன்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. கால் உடைந்திருக்குமா?
— வாசகி, திருவள்ளூர்

வாலே இல்லாதது போலவும், அலகு தட்டையாக இல்லாமல் கூர்மையாகவும், விரல்கள் தனித்தனி மடல்களாகவும் இருந்தால் அது முக்குளிப்பான். கால் உடலின் கடைசியில் இருப்பதால் நிலத்தில் நடக்கத் தடுமாறும், தரையிலிருந்து பறக்கவும் அதனால் முடியாது. இரவில் நனைந்த சாலை நீர்ப்பரப்பு போலத் தெரிவதால் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். ரத்தமும் வீக்கமும் இல்லையென்றால் அருகிலுள்ள குளத்தின் ஓரத்தில் விடுங்கள், அதற்கு வேண்டியது அவ்வளவே.

இதே போல, இனப்பெருக்கம் முடிந்த வாத்துகள் பறக்கும் இறகுகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் உதிர்க்கும். மூன்று நான்கு வாரம் பறக்க முடியாது. நன்றாக நீந்தி, சுறுசுறுப்பாக முங்கி, இரு சிறகும் சமமாக இருக்கும் வாத்தைத் துரத்திப் பிடித்து "காப்பாற்ற" வேண்டாம்.

வாத்தின் வாயில் தூண்டில் முள் குத்தியிருக்கிறது, அதன் நரம்பு (தூண்டில் கயிறு) வெளியே தொங்குகிறது. இழுக்கலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

இழுக்கவே கூடாது. அலகின் விளிம்பில் முள் கண்ணுக்குத் தெரிந்தால் குத்திய திசையிலேயே தள்ளி நுனியை வெளியே வரவைத்து, எதிர்முள்ளைக் கட்டரால் வெட்டிவிட்டு, மீதியைப் பின்னோக்கி எடுக்கலாம். தொண்டைக்குள் போயிருந்தால் நரம்பைப் பத்து செ.மீ. வெளியே விட்டு வெட்டி, நுனியைக் கழுத்தோரம் காகிதப் பிளாஸ்திரியால் லேசாக ஒட்டிக் கொண்டுபோங்கள். முள் எங்கே இருக்கிறதென்று மருத்துவர் அந்த நரம்பைப் பிடித்துத்தான் தேடுவார்.

குணமாகிவிட்டது, குழந்தைகளோடு பழகிவிட்டது. வீட்டிலேயே வளர்க்கலாமா?
— வாசகி, சேலம்

கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்து அரசின் உடைமை. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் வனத்துறை அதிகாரியிடமோ காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். உதவி செய்தவரை யாரும் திட்டுவதில்லை, கிடைத்த இடம், நாள், காயம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். வீட்டில் வைத்திருக்க வேண்டிய காலமும் அந்த ஒன்றிரண்டு நாட்கள்தான். அதற்கு மேல் சிகிச்சையை அவர்கள் அனுமதியோடும் மருத்துவர் மேற்பார்வையிலும் தொடருங்கள்.

விடும் நாள் வந்தால், கிடைத்த அதே ஏரிதான் நல்லது. புள்ளிமூக்கு வாத்தை விடியற்காலையில் விடுங்கள். சிரவி இரவில் மேயும் பறவை, அதை அந்தி சாயும்போது, அதன் கூட்டம் சீழ்க்கையடிக்கும் பக்கமாக விடலாம். நீலச்சிறகி போல வலசை வந்தவை பங்குனிக்குள் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் நன்றாகப் பறக்காத பறவையை விடும் முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும். பெட்டியைக் கரையில் சாய்த்துத் திறந்துவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். கையால் மேலே வீசாதீர்கள். அது வெளியே வரக் கால் மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும்.