கொடைக்கானலில் பார்த்த தொங்கும் பூ

வணக்கம். கொடைக்கானலில் நாங்கள் தங்கிய வீட்டு வாசலில் எக்காளம் போல நீண்ட வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. ஊமத்தை மாதிரி இருந்தது. தென் அமெரிக்கப் பூசாரிகள் இதைக் குடித்துவிட்டுத்தான் சாமியாடுவார்கள் என்றார் நண்பர். இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துப் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. அவர் சொல்வது உண்மையா?
– எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

முதலில், குடிக்கவே குடிக்காதீர்கள். நண்பரையும் தடுத்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்தது புரூக்மான்சியா. ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம். ஊமத்தம்பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். இதன் பூ தொங்கும், காயில் முள் கிடையாது. விஷம் இரண்டிலும் ஒன்றுதான்: ஸ்கோபோலமைன், அட்ரோபின், ஹையோசயமின். செடிக்குச் செடி, இலைக்கு இலை அதன் அளவு மாறும் என்பதால் 'கொஞ்சமாகக் குடிக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. வாய் வறண்டு, இதயம் படபடத்து, எது நிஜம் என்றே தெரியாத பிதற்றல் சில சமயம் நாள்கணக்கில் நீளும். உயிரும் போயிருக்கிறது.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. தெற்குக் கொலம்பியாவின் ஆண்டிஸ் மலையில் சிபுந்தோய் என்றொரு பள்ளத்தாக்கு. அங்குள்ள காமென்ட்சா, இங்கா மக்களின் வைத்தியர்கள் இதை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள். வாத வலிக்கு இலையை வெளியே வைத்துக் கட்டுவார்கள். குறி பார்க்க உள்ளே கொடுப்பதும் உண்டு; ஆனால் அது பல வருடம் பழகிய வைத்தியரின் பொறுப்பு. அதைச் 'சாமியாட்டம்' என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்களிடம் வகைக்கொரு பெயர் இருக்கிறது. ஒன்றின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், அதற்குப் பெயர் பாம்பு. அமெரிக்கத் தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸ் அதைப் பார்த்துவிட்டு, 1955இல் தனிப் பேரினமாகவே அறிவித்தார். புரூக்மான்சியாவின் திரிந்த வடிவம்தான் அது என்று பிற்பாடு தெரிந்தது. விதை போட்டால் இந்தக் குணங்கள் அப்படியே வராது. கொம்பை ஒடித்து நட்டு நட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. புரூக்மான்சியாவின் ஏழு இனங்களும் இயற்கையில் அழிந்துவிட்டதாகத்தான் ஐயுசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கின்றன. விதையைப் பரப்பிய பெரிய விலங்குகள் எப்போதோ அழிந்துபோனதால் இப்படி ஆகியிருக்கலாம் என்று கருதப்படுகிறது. காடு கைவிட்ட செடியை மனிதக் கைதான் வைத்திருக்கிறது. நம் மலையூர்களுக்கு அழகுச்செடியாக வந்ததும் அப்படி நடப்பட்ட கொம்புகளின் வழியாகத்தான்.

மறுபடி போனால் சாயங்காலம் அந்த வாசலில் நில்லுங்கள், வாசம் அப்போதுதான் தூக்கும். கிளையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், விருந்தினர்களோடு சின்னக் குழந்தைகளும் வருவார்கள் அல்லவா.