பினாங்கிலிருந்து போய் வேளாங்கண்ணிக்குக் கடற்கரை வழியாகப் பாதயாத்திரை செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது, தனியாக நடக்கலாமா?

தாராளமாக முடியும். ஐம்பதைத் தாண்டிய உடம்பு தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், அதையும் சேர்த்துச் சொல்கிறேன். நான் ஜார்ஜ்டவுன்காரி, ஆகஸ்ட் கடைசியில் இந்த வழியில் நடந்தவள், என் வயதும் உங்கள் வயதுதான்.

முதலில், சென்னையில் தொடங்காதீர்கள், புதுச்சேரியில் தொடங்குங்கள். பெசன்ட் நகரிலிருந்து முழுதும் நடந்தால் 300 கிலோமீட்டருக்கு மேல், வேகமாக நடக்கிற கூட்டத்துக்கே பத்து நாள் பிடிக்கும். அதில் முதல் பாதி, கார்கள் சீறிக்கொண்டு போகிற அகலச் சாலை, மனம் முழுக்க வண்டி மேலேயே இருக்கும், செபமாலை சொல்லக்கூட முடியாது. புதுச்சேரியிலிருந்து என்றால் சுமார் 160 கிலோமீட்டர். நாளுக்கு இருபது இருபத்தைந்து என்று நடந்தால் ஒரு வாரம், கூட ஒரு நாள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா, முந்தின நாள் இரவு பெரிய தேர்பவனி. எட்டாம் தேதிக் கூட்டத்தில் தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு, அதனால் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவதுபோல் கிளம்புங்கள். பின்னாலேயே நம் சுதந்திர நாளான மெர்டேக்கா விடுமுறையும் வருவதால் வேலையில் லீவு கேட்பதும் சுலபம்.

கடல் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். கடலூர் தாண்டியதும் சாலை உள்ளே திரும்பிவிடும், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி எல்லாம் வயல்காட்டு ஊர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்த வருடமாக இருந்தால் கொள்ளிடத்துப் பாலத்தில் நின்று பாருங்கள், அப்படியே களைப்பு இறங்கும். திருக்கடையூர் கடந்து தரங்கம்பாடியில்தான் கடல் திரும்பக் கைக்கெட்டும் தூரத்தில் வரும். அங்கே ஒரு சாயங்காலமாவது தங்கிவிடுங்கள், அவசரப்படாதீர்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அலைக்கு எதிரிலேயே நிற்கிறது, 1706இல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சானதும் அந்த ஊரில்தான். காலை ஆறப்போட்டுக்கொண்டு கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மாலைக்காகவே நான் இன்னொரு முறை நடப்பேன்.

தனியாக வேண்டாம், பெண்ணாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். சென்னைப் பங்குகளிலிருந்து காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் மாதா சொரூபம் வைத்த சின்னத் தேர் ஒன்று இருக்கும், பேட்டரி விளக்கும் ஒலிபெருக்கியும் கட்டி முறை வைத்துத் தள்ளுவார்கள். புதுச்சேரியில் கோவில்களில் விசாரித்தால் சேர்த்துக்கொள்வார்கள், மதம்கூடக் கேட்பதில்லை, எங்களோடு நடந்தவர்களில் விபூதி பூசிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். என்னைச் சேர்த்துக்கொண்டது காசிமேட்டு மீனவர் குடும்பங்கள். பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும், பாதிப் பேருக்குச் செருப்பில்லை, அவர்கள் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின்மேலேயே ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். சாயம் அடித்த இடம் தாரைவிடச் சூடு குறைவு. "மலேசியாக்கா, வெள்ளக் கோட்டு மேல வாங்க"ன்னு முன்னால் போன பையன் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே வந்தான்.

வெறுங்காலோடு நடப்பது அவரவர் நேர்த்திக்கடன், அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சர்க்கரை இருப்பவர்கள் தயவுசெய்து செருப்போ சப்பாத்தோ போட்டே நடங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். கொப்புளம் வந்தால் கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் ஊசியில் நூல் கோத்துக் குத்தி நீரை வடியவிட்டு நூலை உள்ளேயே விட்டுவிடுவார்கள், பாசத்தோடுதான் செய்கிறார்கள், இருந்தாலும் அதற்குக் காலைக் கொடுக்காதீர்கள். வழியெல்லாம் மருத்துவ முகாம் போட்டிருப்பார்கள், அங்கே காட்டுங்கள்.

நடை நேரம் விடிகாலை மூன்று மணியிலிருந்து ஒன்பது வரைக்கும், அப்புறம் வெயில் தாழ்ந்த பிறகு. இருட்டில்தான் ஆபத்து. நம் ஊரைப் போலவே அங்கேயும் வண்டி இடது பக்கம் போகும், அதனால் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நடங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் மேலாடை ஒன்றை இங்கிருந்தே வாங்கிப் போங்கள். நாலைந்து கூடுதலாக வாங்கிப் போனால் கூட வருகிறவர்களுக்கும் கொடுக்கலாம், அங்கே நிறையப் பேர் அது இல்லாமல்தான் நடக்கிறார்கள். தூக்கம் கோவில் வளாகத்திலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும். குளிக்க, கழிப்பறைக்குப் பெட்ரோல் பங்கோ கல்யாண மண்டபமோ வந்தால் அதைத் தவறவிடாதீர்கள், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம், ஊருக்கு ஊர் மோர், சுக்குக் காப்பி, சாம்பார் சாதம் என்று கையைப் பிடித்து இழுத்துப் பசியாற வைப்பார்கள்.

பயிற்சிக்குப் பினாங்குக் கொடிமலை ஏற வேண்டாம், வழி முழுக்கத் தட்டைதான். தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபெரிங்கி வரை தார் ரோட்டில், வெயில் ஏறிய பிறகு, தொடர்ந்து சில வாரம் நடந்து பாருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோவில்வரை வெறுங்காலோடு நடந்து பழகியவராக இருந்தால் பாதம் ஏற்கெனவே பாதித் தயார்.

கடைசிப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணி வரை சுமார் முப்பது கிலோமீட்டர். பலர் இதை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது நம் ஊர். நாகூரில் தர்காவுக்குள் போய் உட்காருங்கள், நம் சூலியா தெருவில் இருக்கிற நாகூர் தர்கா அதே நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது நினைவாக 1800களின் தொடக்கத்தில் இங்கே எழுந்ததுதான். அடுத்தது நாகப்பட்டினம். ஆயிரம் வருடத்துக்கு முன் கடாரத்து, அதாவது நம் கெடா பக்கத்து, அரசர் கட்டுவித்த சூடாமணி விகாரம் இருந்த ஊர். ரஜூலா கப்பல் பினாங்குக்குப் புறப்பட்ட துறைமுகமும் அதுவே, என் பாட்டி அதில்தான் வந்தார். பாட்டி கப்பலேறின கரைக்கு நடந்தே போய் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குள் இருந்த வேண்டுதல், உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதை இருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள், வேளாங்கண்ணியில் யாத்திரை வந்தவர்களும் அதில் அடக்கம். அதே அலை அன்றைக்குப் பினாங்கிலும் ஆட்களைக் கொண்டுபோனது. கரையில் நின்று அவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

வேளாங்கண்ணியில் பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் நடுவே மணல் பாதை இருக்கிறது, மண்டியிட்டே போகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் நடந்து வந்த முழங்காலுக்கு அது தேவையில்லை, நடந்தே போங்கள்.

இந்தியாவுக்கு இ-விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். திரும்பும்போது சென்னைக்குப் போகாமல் திருச்சிக்குப் பேருந்து பிடித்து அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறுவது சுலபம். ஆனால் நடந்து முடித்த மறுநாளே டிக்கெட் போடாதீர்கள், கால் வீக்கம் வடிய இரண்டு நாள் படுத்திருந்துவிட்டு ஏறுங்கள்.