மரத்தில் லூர் செய்து பழகுகிறேன்: எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, எதை நானே செய்துபார்ப்பது?

கேள்வி: கொடுவாய் மீனுக்கு மரத்தில் லிப் (இழுக்கும்போது லூரை ஆடவைக்கும் மூக்குத் தகடு) வைத்த லூர், அதாவது செயற்கை மீன் இரை, செய்து பழகுகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்தவர்களிடம் கேட்டுச் செய்வதா, நானே வெட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வதா? கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கேட்காமல் செய்தால் பொருள் வீணாகிறது.

பதில்:

ஆளுக்கொன்று சொல்வதில் வியப்பில்லை. லிப் எத்தனை டிகிரி சாய்வில் இருக்க வேண்டும், வயிற்றில் எவ்வளவு ஈயம் வைக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பொதுவான பதில் கிடையாது. அவரவர் தன் கட்டைக்குச் சரிவந்ததைச் சொல்கிறார், உங்கள் கட்டை வேறு. அதைத் தண்ணீரில் போட்டு இழுத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரெசின் (மேல்பூச்சுக்குப் பயன்படும் பிசின்) வேலை அப்படியில்லை, ஈயம் உருக்குவதும் அப்படியில்லை. அவற்றில் செய்த தவறு பல மாதம் கழித்துத்தான் தெரியவரும், சிலது மருத்துவமனையில்தான் தெரியவரும். நான் சொல்லும் எல்லைக்கோடு இவ்வளவுதான்: உடனே பதில் கிடைப்பதையும், தப்பினால் ஒரு துண்டுக் கட்டை மட்டும் போவதையும் நீங்களே செய்துபாருங்கள். தாமதமாகப் பதில் வருவதையும், உடம்பைத் தொடுவதையும் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

முதலில் கேட்க வேண்டியவை.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் போனாலும் அது சட்டென ஆவியாகி, ஈயத்தை முகத்தை நோக்கி வீசியடிக்கும். அச்சில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் இதைச் செய்யும். ஈயத்தின் புகையும் தூசும் உடம்பில் சேரும், குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதல். ஆகவே சமையலறையில் உருக்கக் கூடாது, அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கவும் கூடாது. பழைய கார் பேட்டரித் தகட்டை உருக்கும் எண்ணமே வேண்டாம். அதில் அமிலம் ஊறியிருக்கும், ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கலந்திருக்கலாம். உண்மையில் மர லூருக்கு உருக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. வலைக்குக் கோக்கும் ஈயக்குண்டை வாங்கி, நறுக்கித் துளையில் தட்டி இறக்கினால் போதும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது ரெசின். கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுக்கு விற்கும் ரெசின் பெரும்பாலும் பாலியெஸ்டர். அதை எபாக்ஸி என்று நினைத்து வாங்கி வருபவர்கள் அதிகம். பாலியெஸ்டருக்குக் கேட்டலிஸ்ட் (இறுகவைக்கும் திரவம்) சுமார் 1 முதல் 2 சதவீதம் போதும். கூட்டினால் சீக்கிரம் இறுகும், குறைத்தால் மெதுவாக இறுகும். எபாக்ஸி இந்தக் கணக்குக்கு வராது. டப்பாவில் ரெசினும் ஹார்டனரும் (எபாக்ஸியை இறுகவைப்பது) 1:1 என்று போட்டிருந்தால் 1:1தான். ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, கடைசிவரை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே கிடக்கும். அந்த 1:1 கன அளவிலா எடையிலா என்பதையும் பாருங்கள். ரெசினும் ஹார்டனரும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை, தராசில் நிறுத்தால் கணக்கு மாறிவிடும். பாலியெஸ்டரைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: ஆக்சிலரேட்டரையும் (இறுகலை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். ஆக்சிலரேட்டரை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். இதை யாராவது சொல்லாவிட்டால் தானாகத் தெரிய வழியே இல்லை.

ரப்பர் போன்ற மென்லூர் வார்க்கும் ஆசை வந்தாலும் இதே கதைதான். அதற்குப் பயன்படும் பிளாஸ்டிசால் என்ற திரவப் பிளாஸ்டிக் சுமார் 175 டிகிரியில் வெந்து தெளியும். அதைத் தாண்டிக் கருகவிட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். வெப்பமானியும் திறந்தவெளியும் இல்லாமல் தொட வேண்டாம்.

இனி நீங்களே செய்துபார்க்க வேண்டியவை. லூர் செய்யும் வேலையின் சுவையே இங்கேதான் இருக்கிறது.

முதல் கருவி நகைத்தராசு, 0.01 கிராம் காட்டுவது. அதன் மேல் ஒரு கப் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வடிவம் செதுக்கி, ஒரு கோட் சீல் போட்ட கட்டையை ஊசிமுனையால் அழுத்தி, கப்பின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவையுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கட்டையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். லூரின் மொத்த எடை மொத்தக் கன அளவைவிடக் குறைந்தால் மிதக்கும், சமமானால் நின்ற இடத்தில் நிற்கும், கூடினால் மூழ்கும். நல்ல தண்ணீரில் அப்படி நிற்கும்படி செய்த லூர் கடலில் மேலே வந்துவிடும். கடல்நீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. 20 கன செ.மீ. லூருக்கு அது அரை கிராம் வித்தியாசம்.

இந்த ஓர் அளவிலேயே பாதிச் சந்தேகம் தீரும். 9 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரம், 1.4 செ.மீ. தடிமன் உள்ள கட்டையை மீன் வடிவில் செதுக்கினால் சுமார் 15 கன செ.மீ. வரும். பால்சா என்ற மிக லேசான மரத்தில் செய்தால் அது 2.5 கிராம் அளவில் இருக்கும். இரண்டு ட்ரெபிள் முள் (மூன்று கொக்கி உள்ளது), வளையம், கம்பி, லிப், பூச்சு எல்லாம் சேர்ந்து 8 கிராம் என்று வைத்தால் மொத்தம் பத்தரை. அவற்றின் கன அளவையும் சேர்த்தால் லூர் மொத்தம் 17 அல்லது 18 கன செ.மீ. இருக்கும். ஆகவே 4 கிராம் ஈயம் வைத்த பிறகும் மிதக்க 3 கிராம் மிச்சம். அதே அளவைத் தேக்கில் செதுக்கினால் வெறும் கட்டையே 10 கிராம் பக்கம் வந்துவிடும். ஈயம் வைக்காமலே மூழ்கும் நிலை. அடிவயிற்றில் கனம் இல்லாததால் இழுத்தால் புரளும். வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அச்சு அசலாகத் தேக்கில் செய்துவிட்டு “ஏன் நீந்தவில்லை” என்று கேட்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பால்சாவிலேயே ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் அடர்த்தி இரு மடங்குகூட வேறுபடும். அதனால் ஒரே பலகையிலிருந்து மூன்று கட்டை அறுத்து, நிறுத்து, எடையை வயிற்றில் எழுதிவையுங்கள்.

ஈயத்தை உடனே உள்ளே புதைக்காதீர்கள். முள், லிப் எல்லாம் மாட்டிவிட்டு, ஈயத்தை டேப்பால் அடிவயிற்றில் ஒட்டி, முன்னும் பின்னும் நகர்த்தி மிதக்கவிடுங்கள். முன் முள்ளுக்குச் சற்று முன்னால் தொடங்கலாம். 1 செ.மீ. பின்னால் நகர்த்தினால் தூரம் போய் விழும், ஆனால் ஆட்டம் மந்தமாகும். இடம் பிடித்த பிறகு துளை போடுங்கள். 6 மி.மீ. துளையில் 1 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான ஈயம் 3 கிராம் வரும்.

லிப்புக்கு 1.5 அல்லது 2 மி.மீ. பாலிகார்பனேட் நல்லது. பழைய ஹெல்மெட்டின் வைசரிலேயே வெட்டிக்கொள்ளலாம். சிடி டப்பா பாறையில் ஒரு தட்டுக்கு உடைந்துபோகும். பாலிகார்பனேட்டைத் தின்னரால் துடைக்காதீர்கள், வெடிப்பு விடும். வேண்டிய அளவைவிடப் பெரிதாக வெட்டி, ஒட்டாமல் இறுக்கமாகச் செருகி இழுத்துப் பாருங்கள். பிறகு அரம் போட்டுக் குறைத்துக்கொண்டே வாருங்கள். குறைக்கலாம், கூட்ட முடியாது. உடம்போடு ஒரே கோட்டில் நீண்டு கிடக்கும் லிப் ஆழம் போகும். செங்குத்தாக நிற்கும் குட்டை லிப் மேல்மட்டத்தில் அகலமாக ஆடும்.

இழுத்துப் பார்க்கும்போது தூண்டில் நரம்பை லூரின் கண்ணில் (கம்பி வளையத்தில்) இறுக்கி முடிந்துவிடாதீர்கள், அதுவே ஆட்டத்தைக் கொன்றுவிடும். சிறு ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி) மாட்டுங்கள், அல்லது தளர்வான வளைய முடிச்சு. மெதுவாக ஆடி, வேகம் கூட்டியதும் பக்கவாட்டில் புரண்டால் லிப் பெரிது, அல்லது ஈயம் மேலே ஏறியிருக்கிறது. ஆட்டமே இல்லையென்றால் கனம் அதிகம், அல்லது லிப் சிறிது. எந்த வேகத்திலும் ஒரே பக்கமாக விலகினால் முதலில் லிப் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விலகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மூக்குக் கண்ணை மயிரிழை அளவு வளையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஃபின்லாந்தில் லவுரி ராபலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை மேலே ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கிப் பூச்சாகப் போட்டார். தண்ணீரில் போட்டுப் போட்டுத் திருத்திய அவர் முறையைத் தாராளமாகப் பின்பற்றலாம். அந்தப் பூச்சு மட்டும் வேண்டாம், அக்காலச் சுருள்களில் பல எளிதில் தீப்பற்றுபவை.

தாமதமாகப் பதில் வரும் சில விஷயங்களைச் சோதனையால் முன்கூட்டியே கறந்துவிடலாம். பெயின்ட் அடிக்கும் முன் சீல் போட்ட கட்டையை நிறுத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்திவைத்து, துடைத்துத் திரும்ப நிறுங்கள். 0.1 கிராம் கூடியிருந்தாலும் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் லிப் செருகிய பிளவின் உட்புறமும் கம்பித் துளையும்தான் குற்றவாளிகள். ஈரம் ஏறிய பால்சா ஊதி, மேல்பூச்சை விரிசல்விட வைக்கும். “எபாக்ஸி போட்டதும் மூழ்கிவிட்டது” என்ற புகாரில் பலவும் இந்த ஒழுகல்தான். எபாக்ஸியின் அடர்த்தி சுமார் 1.1. 2 கிராம் பூசினால் கன அளவும் கிட்டத்தட்ட அதே அளவு கூடிவிடுகிறது.

கம்பியின் பலத்துக்கு வாளி போதும். கொடுவாய்க்கு மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பியாக, 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஓட விடுங்கள். திருகுக்கண் பால்சாவில் நிற்காது. முள் மாட்டும் முன் மூக்குக் கண்ணை ஆணியில் மாட்டி, வால் கண்ணில் வாளியைத் தொங்கவிட்டு லிட்டர் லிட்டராக ஊற்றுங்கள். டிராக் (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் இழுவிசை) 5 கிலோவில் வைப்பீர்களென்றால் 10 லிட்டர் தாங்க வேண்டும். துருவை மட்டும் வாளி சொல்லாது. கம்பி 304 வகை ஸ்டெயின்லெஸ்ஸா வேறேதுமா என்று கடையில் கேட்டே வாங்குங்கள்.

மழைக்காலத்தில் எபாக்ஸியின் மேல் எண்ணெய்ப் படலம் போல ஒன்று படிந்தால் பதற வேண்டாம். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து செய்வது அது. வெதுவெதுப்பான தண்ணீரால் துடைத்து, காயவைத்து, லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கோட் போடலாம். துடைக்காமல் போட்டால் மேல்கோட் பிடிக்காது.

கடைசியாக, கேட்கும் விதம். ஒரு புகைப்படத்தைப் போட்டு “ஏன் ஓடவில்லை” என்றால் எவராலும் ஊகிக்கத்தான் முடியும். என்ன மரம், கட்டையின் எடை, கன அளவு, முள்ளோடு மொத்த எடை, ஈயம் எத்தனை கிராம், மூக்கிலிருந்து எத்தனை செ.மீ.யில், லிப்பின் நீள அகலம், நரம்பு கட்டும் கண் மூக்கிலா லிப்பிலா, நல்ல தண்ணீரா கடலா, இவற்றோடு பின்னாலிருந்து எடுத்த ஒரு வீடியோ. இவ்வளவும் இருந்தால் ஆளுக்கொரு பதில் வருவது நின்றுவிடும். யாரிடம் என்பதும் முக்கியம். ரெசினுக்கு லூர்க்காரரைவிட ஃபைபர் படகு பழுதுபார்ப்பவர் மேல். மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்கு ஆசாரி. அவர்கள் சொன்ன ஒரு மாற்றத்தைச் செய்யும்போது மூன்று கட்டைகளில் ஒன்றைத் தொடாமல் அப்படியே வையுங்கள். அடுத்த முறை போகும்போது இரண்டையும் கொண்டுபோய்க் காட்டலாம்.