இலக்கணம் பிடித்த பிள்ளைக்கு மென்பொருள் ஒத்துவருமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு மொழிப்பாடத்தில்தான் மனம் போகிறது, வீட்டில் யாராவது ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அது ஏன் தப்பு என்று விளக்க உட்கார்ந்துவிடுகிறாள், கணக்கில் சுமார்தான், ஆனால் படித்தால் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்கிறாள், இலக்கணத்துக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறையாக எழுதிய அந்த 'ஏன் தப்பு' பழக்கம் குறை இல்லை. இந்தத் துறைக்கு வரும் பல பிள்ளைகளிடம் நான் தேடித் தேடிக் கிடைக்காத குணம் அது.

மென்பொருளில் வரும் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பார்கள், தமிழில் எழுதுகிறவர்கள் 'வழு' என்று எழுதுகிறார்கள். இலக்கணத்திலிருந்து எடுத்த சொல் அது. நன்னூல் ஏழு வகை வழுக்களைச் சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. 'அவன் வந்தாள்' என்றால் பால்வழு. 'நாளைக்கு வந்தான்' என்றால் காலவழு. இந்த இரண்டையும் ஒரு டெவலப்பரிடம் சொல்லிப் பாருங்கள், இது எங்கள் டைப் எர்ரர் மாதிரியே இருக்கிறதே என்பார். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்தைக் கொடுத்தால் கம்பைலர், அதாவது நாம் எழுதும் ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், ஏற்காது. 'அவன்' என்று தொடங்கிய வாக்கியம் 'ஆள்' விகுதியில் முடிவதை நம் காது ஏற்காததும் அதே கதைதான், முன்னால் சொன்னதும் பின்னால் வருவதும் பொருந்த வேண்டும். மரபுவழு இன்னும் சுவாரசியம். 'குயில் கத்தியது' என்றால் எல்லோருக்கும் புரியும், ஆனால் குயில் கூவும் என்பதுதான் மரபு. மென்பொருள் குழுக்களிலும் இது தினமும் நடக்கும்: ப்ரோக்ராம் ஓடும், விடையும் சரியாக வரும், ஆனாலும் மூத்தவர் படித்துவிட்டு 'நம் குழுவில் இப்படி எழுத மாட்டோம்' என்று திருப்பி அனுப்புவார். உங்கள் மகளுக்கு இது புரியச் சிரமமே இருக்காது.

சம்பந்தம் என்ன என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வரலாறும் இருக்கிறது. 1956-இல் மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி மனித மொழியின் வாக்கிய அமைப்பை விதிகளாக எப்படி எழுதலாம் என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இலக்கணங்களை அவற்றின் வலிமைப்படி அவர் பிரித்த வரிசையைத்தான் இன்றும் கம்ப்யூட்டர் அறிவியல் மாணவர்கள் கம்பைலர் பாடத்துக்கு முன்னால் படிக்கிறார்கள். 1959-இல் கணினி அறிஞர் ஜான் பேக்கஸ் ஒரு ப்ரோக்ராமிங் மொழியின் இலக்கணத்தைத் துல்லியமாக எழுத ஒரு குறியீட்டு முறையைக் கொண்டுவந்தார், பீட்டர் நவுர் அதைச் செப்பனிட்டு 1960-இல் வந்த அல்கால் என்ற ப்ரோக்ராமிங் மொழியின் அறிக்கையில் பயன்படுத்தினார். பேக்கஸ்-நவுர் வடிவம் என்று அதற்குப் பெயர். 1967-இல் கணினித் துறையைச் சேர்ந்த பீட்டர் இங்கர்மன் ஒரு கணினி இதழுக்குக் கடிதம் எழுதினார்: சமஸ்கிருதத்துக்குச் சுமார் 4,000 சூத்திரங்களில் இலக்கணம் எழுதிய பாணினி இதற்கு நிகரான முறையை எப்போதோ கையாண்டுவிட்டார், ஆகவே இதைப் பாணினி-பேக்கஸ் வடிவம் என்று அழைக்கலாமே என்று. பெயர் மாறவில்லை. ஆனால் இலக்கணம் எழுதுகிறவர்களும் ப்ரோக்ராமிங் மொழி உருவாக்குகிறவர்களும் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்பதை அந்தத் துறைக்காரர்களே அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இதைவிட நெருக்கமான ஒன்று. 'நேற்று வந்த பையனைப் பார்த்தேன்.' பையன் வந்தது நேற்றா, நான் பார்த்தது நேற்றா? இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பேச்சில் எங்கே நிறுத்துகிறோம் என்பதை வைத்துப் புரிந்துகொள்கிறோம், எழுத்தில் வந்தால் முன்பின் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனையை எழுதி, கடைசியில் 'இல்லையென்றால் இதைச் செய்' என்று ஒரு வரி வைத்தால், அந்த 'இல்லையென்றால்' முதல் நிபந்தனைக்கா இரண்டாவதுக்கா? இந்தச் சிக்கல் ப்ரோக்ராமிங் மொழிகளின் ஆரம்ப காலத்திலிருந்தே இருக்கிறது. சி மொழியில் பக்கத்தில் இருக்கும் நிபந்தனையோடுதான் சேரும் என்று விதி வைத்துத் தீர்த்தார்கள், பைத்தான் மொழியில் வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதே முடிவு செய்கிறது. எந்தச் சொல் எதைத் தழுவுகிறது என்று பார்க்கும் கண் இருந்தால் இங்கே பாதித் தூரம் வந்தாயிற்று.

சரி, கணக்கு? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 2020-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ரோக்ராமிங் தெரியாத பெரியவர்களுக்குப் பைத்தான் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். யார் வேகமாகக் கற்றார்கள் என்பதை, கணக்குத் திறனைவிடப் புது மொழி கற்கும் திறன்தான் அதிகம் காட்டிக்கொடுத்தது. நாற்பது பேருக்கும் குறைவானவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, அதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம். அதே ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ப்ரோக்ராம் படிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். அதில் அதிகம் வேலை செய்தவை மொழிக்கான பகுதிகள் அல்ல, புதிர், கணக்கு போன்ற கடினமான யோசனைகளுக்குப் பயன்படும் பொதுவான பகுதிகள். ஆகவே மொழி வந்தால் கோடிங் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவே மாட்டேன். கணக்கு சுமார் என்பதற்காக இந்தக் கதவைச் சாத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான். இணையதளம், செயலி, அலுவலக மென்பொருள் போன்ற பெரும்பாலான வேலைகளுக்குத் தெளிவான தர்க்கமும் பொறுமையும் போதும். இயந்திரக் கற்றல், கிராஃபிக்ஸ் பக்கம் போக நினைத்தால் மட்டும் கணக்கில் நன்றாக உழைத்தே ஆக வேண்டும். அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். நிறையப் பிள்ளைகள் இலக்கணத்தை எப்படிக் கெடுத்துக்கொண்டார்களோ அப்படியே கோடிங்கையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வேற்றுமை எட்டையும் ஒப்பிப்பார்கள், நான்கு வரியில் ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னால் திணறுவார்கள். ஆங்கிலக் காலங்கள் பன்னிரண்டையும் அட்டவணையாகச் சொல்வார்கள், யாராவது ஆங்கிலத்தில் பேசினால் வாய் அடைத்துவிடும். கோடிங்கிலும் புத்தகத்தின் முதல் ஐந்து அத்தியாயம் மனப்பாடம், ஒரு சின்ன ப்ரோக்ராம்கூடச் சொந்தமாக எழுதியிருக்க மாட்டார்கள். சின்டாக்ஸ், அதாவது ப்ரோக்ராமிங் மொழியின் இலக்கணம், ரொம்பச் சின்னது, அம்மா. மொழி தனக்கென்று பொருள் வைத்து ஒதுக்கிக்கொண்ட சொற்கள் சி மொழியின் முதல் தரநிலையில் 32. பைத்தானில் 35. கோ மொழியில் 25தான். இதை மனப்பாடம் செய்ய ஒரு வாரம்கூட வேண்டாம், மனப்பாடம் செய்ததால் ஒரு பலனும் இல்லை.

விதியே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குழந்தை தாய்மொழியை விதி கேட்காமலே கற்றுக்கொள்கிறது, ஆனால் வளர்ந்த பிறகு இன்னொரு மொழி கற்கிறவர்களுக்கு விதியை எடுத்துச் சொல்வது நன்றாகவே உதவுகிறது. எப்போது சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் எழுத வேண்டும், தப்பு வர வேண்டும், அந்தத் தப்பு உறுத்தும்போது விதியைப் படித்தால் ஒட்டிக்கொள்ளும். எர்ரர் வந்தவுடன் பயந்து மூடிவிடாமல், அது எந்த வரியைக் காட்டுகிறது, உண்மையான தப்பு அந்த வரியிலா அதற்கு முந்தைய வரியிலா என்று படிக்கும் பிள்ளைக்கு இரண்டே மாதத்தில் கை பழகிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவே ப்ரோக்ராம் எழுதிக் கொடுக்கிறதே, இனி இலக்கணம் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆப்பிள் நிறுவனத்தின் மென்பொருளில் ஒரு வரி தவறுதலாக இரண்டு முறை வந்திருந்தது 2014-இல் தெரியவந்தது. கம்பைலருக்கு அது இலக்கணப் பிழையே இல்லை, பேசாமல் ஏற்றுக்கொண்டது. ஆனால் இரண்டாவது முறை வந்த அந்த வரி நிபந்தனைக்கு வெளியே விழுந்ததால், பாதுகாப்பான இணைப்பில் மறுமுனையின் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டிய படியே நடக்காமல் போயிற்று. இலக்கணம் சரி, பொருள் தவறு. இயந்திரம் எழுதித் தரும் ப்ரோக்ராமிலும் இந்த மாதிரித் தப்புதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பார்க்க ஒழுங்காக இருக்கும், ஓடவும் செய்யும். எழுதுவது குறைந்து படித்துச் சரிபார்ப்பது கூடும் காலத்தில், 'இந்த வரி எதைச் சேர்ந்தது, இது இங்கே ஏன் இருக்கிறது' என்று கேட்கிறவருக்கு மதிப்பு குறையாது என்றே நினைக்கிறேன்.

வேலை என்று பார்த்தால், பொதுவான மென்பொருள் வேலைகள் தவிர மொழியும் கணினியும் சேரும் இடங்களும் உண்டு: கணினி மொழியியல், பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பம், மொழிபெயர்ப்பு மென்பொருள், மென்பொருளைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோகும் வேலை, தொழில்நுட்ப ஆவணம் எழுதுவது, கம்பைலர் உருவாக்கம். இவற்றில் சிலவற்றில் இடங்கள் குறைவு, ஆகவே இதுதான் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். கோடிங் அடிப்படை எல்லாவற்றுக்கும் பொது.

எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் முன் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். பைத்தான் அடிப்படையை இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு, ஒரு தமிழ்ப் பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் 'ஐ' உருபு சேர்த்துத் திருப்பித் தரும் ப்ரோக்ராம் ஒன்று எழுதட்டும். கேட்க எளிது. 'மரம்' என்றால் 'மரத்தை' வர வேண்டும். 'கண்' என்றால் 'கண்ணை', ஆனால் 'கால்' என்றால் 'காலை', அங்கே ல் இரட்டிக்காது. 'வீடு' 'வீட்டை' ஆகும், 'காது' 'காதை' தான். 'காசு' என்றால் 'காசை', 'பசு' என்றால் 'பசுவை'. எந்த விதியை முதலில் வைப்பது, எதைப் பிறகு வைப்பது என்று அவள் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது குற்றியலுகரமும் தனிக்குறிலும் எதற்காகப் படித்தோம் என்பது புரியும், ப்ரோக்ராமில் நிபந்தனைகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதும் கூடவே புரியும். இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது: 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பைத்தானிடம் கேட்டால் மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும், ஏனென்றால் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் குறிக்கும் யூனிகோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. ஏன் அப்படி என்று அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

ஆறு வாரம் கொடுங்கள். முடிக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. ப்ரோக்ராம் தப்பாகச் சொன்ன சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ஏன் தப்பு என்று அவளுக்குத் தோன்றுவதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது நாளே சலித்துப்போனால் அதுவும் நமக்கு ஒரு தகவல்தான், திட்டாதீர்கள். பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.